ஆளும் கட்சி பிரதமரை மாற்றினால் மக்கள் என்ன சொல்வார்கள்? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலோ ஒட்டாவாவிலோ டோக்கியோவிலோ ஆளும் கட்சி தன் தலைவரை மாற்றும்போதெல்லாம் சென்னையில் ஒரே மாதிரியான கேள்விகள் கிளம்புகின்றன. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள் கேட்கிறார்கள். காலை நடையில் கூட வருபவர்கள் கேட்கிறார்கள். தமிழகத்தில் முதல்வர் மாறிய 2017 பிப்ரவரியை மறக்காதவர்கள் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்தலே நடக்காமல் பிரதமரை மாற்றிவிட முடியுமா? இது என்ன கூத்து?

முடியும். நாடாளுமன்ற முறையில் நாம் ஓட்டுப் போடுவது தொகுதியின் உறுப்பினருக்கு. அவையில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவர் பிரதமர். நம் அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. ஜெயித்த தலைவரே ஐந்து வருடமும் இருந்தாக வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் எல்லா இடத்திலும் அடிப்படை இதுதான்.

எரிச்சல் எங்கே வருகிறதென்றால், ஓட்டுக் கேட்கும்போது பேனர் முழுக்க ஒரே முகம். வேட்பாளர் படம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருக்கும். மாற்றும்போது மட்டும் "நீங்கள் ஓட்டுப் போட்டது கட்சிக்குத்தானே" என்பார்கள். சட்டப்படி அந்தப் பேச்சு சரி. ஆனால் கேட்பவருக்கு ஏமாந்த மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, மக்களுக்கு ஓட்டு இல்லை. கட்சிக்குள் யாருக்கு ஓட்டு?

நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலிய லிபரல் கட்சியில் எம்.பி.க்கள் மட்டும் கூடி ஒரே நாளில் வேலையை முடித்துவிடுவார்கள். கனடாவின் லிபரல் கட்சியில் பதிவு செய்துகொண்ட ஆதரவாளர்கள் எல்லோரும் ஓட்டுப் போடலாம். 2025 மார்ச் 9 அன்று மார்க் கார்னி 85.9 சதவீத ஆதரவோடு தலைவரானது அப்படித்தான். ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சியில் எம்.பி.க்களுக்கும் கட்சி உறுப்பினர்களுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் எம்.பி.க்கள் வடிகட்டி இரண்டு பேரை நிறுத்துவார்கள், கடைசி முடிவு கட்சி உறுப்பினர்கள் கையில்.

இந்தப் பிரிட்டன் முறைதான் 2022இல் வம்பில் முடிந்தது. லிஸ் டிரஸ் 81,326 ஓட்டு, ரிஷி சுனக் 60,399 ஓட்டு. நம் கணக்கில் சொல்வதானால், 2017 டிசம்பரில் நடந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக நின்று வாங்கியது 89,013 ஓட்டு. வடசென்னையில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தவருக்குக் கிடைத்த ஓட்டைவிடக் குறைவான ஓட்டில் ஒருவர் பிரிட்டன் பிரதமரானார். அங்கே மக்கள் கொதித்ததற்கு இது ஒரு காரணம்.

அதே அக்டோபரில் டிரஸ் விலகியபோது, போட்டியிடக் குறைந்தது 100 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். கடைசியில் சுனக் மட்டுமே மிஞ்சினார். உறுப்பினர்களுக்கு அந்தச் சின்ன ஓட்டும் கிடைக்கவில்லை.

எம்.பி.யாகவே இல்லாதவர் எப்படிப் பிரதமராகிறார்?

கார்னி பதவியேற்றபோது எம்.பி. இல்லை. கனடாவில் சீக்கிரம் ஒரு தொகுதியில் ஜெயித்து வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். நம் ஊரில் ஆறு மாதக் கெடு அரசமைப்பிலேயே இருக்கிறது. 1991இல் நரசிம்ம ராவும் 1996இல் தேவ கௌடாவும் பதவியேற்றபோது நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினர்கள் இல்லை. நமக்கு இது புதுசே இல்லை.

மக்களின் கோபத்துக்கு மதிப்பே இல்லையா? பிறகு எதற்குத் தலைவர்கள் பதவி விலகுகிறார்கள்?

மதிப்பு உண்டு, ஆனால் அது நேராகப் போய்ச் சேர்வதில்லை. எம்.பி.யின் பயம் வழியாகப் போகிறது. "இந்தத் தலைவரை வைத்துக்கொண்டு அடுத்த தேர்தலுக்குப் போனால் என் சீட்டும் போய்விடும்" என்று போதுமான எம்.பி.க்கள் நினைக்கிற நாளில் தலைவர் கதை முடிகிறது. அந்த நினைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் இடைத்தேர்தல்.

மார்கரெட் தாட்சரைப் பாருங்கள். மூன்று பொதுத்தேர்தலில் ஜெயித்தவர். சொத்து மதிப்பைப் பார்க்காமல் வயது வந்த எல்லோருக்கும் ஒரே தொகை என்று தலைவரியைக் கொண்டுவந்தார். 1990 மார்ச் 31 அன்று லண்டனில் அதை எதிர்த்த பேரணி கலவரமானது. தாட்சர் அசையவில்லை. ஆனால் அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலில் கட்சி தன் சொந்தத் தொகுதியை இழந்ததும் எம்.பி.க்களுக்குத் தூக்கம் போனது. நவம்பர் 20 அன்று நடந்த கட்சித் தலைமை வாக்கெடுப்பில் தாட்சருக்கு 204, அவரை எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கு 152. அதிக ஓட்டு வாங்கியும், விதிப்படி வேண்டிய இடைவெளிக்கு நான்கு ஓட்டு குறைந்தது. இரண்டு நாளில் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

போரிஸ் ஜான்சன் விஷயமும் இதே தடத்தில்தான் போனது. ஊரடங்கு நேரத்தில் பிரதமர் இல்லத்திலேயே விருந்து நடந்ததில் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். 2022 ஜூன் 6 அன்று கட்சிக்குள் நம்பிக்கை வாக்கெடுப்பில் 211க்கு 148 என்று தப்பித்தார். ஜூன் 23 அன்று ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல் தோல்வி. அதில் டிவர்ட்டன் அண்ட் ஹோனிட்டன், 24,000க்கும் மேல் வித்தியாசத்தில் முன்பு ஜெயித்த தொகுதி. பிறகு இன்னொரு புகார் கிளம்பவும், ஜூலை முதல் வாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புகளை உதறிவிட்டுப் போனார்கள். ஜூலை 7 அன்று ஜான்சன் விலகல் அறிவிப்பு.

தெருவில் இறங்கிய மக்களே தலைவரை நேராகத் துரத்தியது என்றால் நமக்குப் பக்கத்து உதாரணம் இலங்கை, 2022. கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டே போனார். சென்னையில் அந்த மாதங்களில் இலங்கைச் செய்தி வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிய கப்பலும் கிளம்பியது. ஆனால் அடுத்து யார் என்பதைப் போராட்டக்காரர்கள் தீர்மானிக்கவில்லை. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு இடம் வைத்திருந்த கட்சியின் ரணில் விக்கிரமசிங்க, 134 எம்.பி.க்கள் ஓட்டுப்போட்டு அதிபரானார். துரத்தும் சக்தி தெருவுக்கு இருந்தாலும், அமர்த்தும் சக்தி அவைக்குள்ளேயே தங்கிவிட்டது.

புது முகம் வந்ததும் மக்கள் பழைய கோபத்தை மறந்துவிடுகிறார்களா?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் நடுவில் இருக்கிற கேள்வி. கட்சிக்காரர்கள் "ஆமாம்" என்று நம்பித்தான் மாற்றுகிறார்கள். நான் பார்த்த வரை, மக்கள் எதன்மேல் கோபமாக இருந்தார்களோ அதையும் தலைவரோடு சேர்த்துத் தூக்கிப் போட்டால் மன்னிப்பு கிடைக்கிறது. ஆளை மட்டும் மாற்றினால் கிடைப்பதில்லை.

தாட்சருக்குப் பின் வந்த ஜான் மேஜர் செய்த முதல் பெரிய காரியம், அந்தத் தலைவரியைக் கைவிட்டு வேறு உள்ளூர் வரி வரும் என்று அறிவித்தது. 1992 ஏப்ரல் தேர்தலில், தோற்பார் என்று பலரும் எழுதிவைத்திருந்தபோது, 336 இடங்களோடு ஜெயித்தார்.

2025 கனடா இன்னும் சுத்தமான உதாரணம். ஜஸ்டின் ட்ரூடோ ஜனவரி 6 அன்று விலகுவதாகச் சொன்னபோது கருத்துக்கணிப்புகளில் அவர் கட்சி இருபது புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தது. மக்கள் குறை சொன்னவற்றில் பெட்ரோல் பங்கிலும் வீட்டு எரிவாயு பில்லிலும் தெரிந்த கார்பன் வரி முக்கியமானது. எதிர்க்கட்சி அந்த வரியை ஒழிப்பதையே கோஷமாக வைத்திருந்தது. கார்னி மார்ச் 14 அன்று பதவியேற்றார், அன்றைக்கே நுகர்வோர் மீதான அந்த வரியை நீக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். எதிர்க்கட்சி கையில் இருந்த பதாகை ஒரே நாளில் வெறும் துணியாகிவிட்டது. ஏப்ரல் 28 தேர்தலில் லிபரல் கட்சி 343இல் 169 இடம். எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொய்லியெவ் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். முழுப் புகழையும் கார்னிக்குக் கொடுத்துவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். "கனடாவை எங்கள் 51ஆவது மாநிலமாக்குவேன்" என்று டிரம்ப் பேசிக்கொண்டிருந்ததும், இறக்குமதி வரி போட்டதும் லிபரல் கட்சிக்கு அடித்த யோகம்.

இப்போது எதிர்ப்பக்கம். டிரஸ் வந்ததும் நடந்தது தலைகீழ். மக்கள் கோபம் ஜான்சனின் நேர்மைமேல். டிரஸ் மாற்றியதோ பொருளாதாரக் கொள்கையை. அதை யாரும் கேட்கவில்லை. 2022 செப்டம்பர் 23 அன்று, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமலே 4,500 கோடி பவுண்டுக்கு வரிக் குறைப்பு அறிவித்தார்கள். மூன்றாம் நாள் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. வீட்டுக் கடன் வட்டி ஏறியது. அந்த நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டியதாயிற்று. ஒரு பத்திரிகை ஒரு லெட்யூஸ் கீரைக்கட்டை கேமரா முன்னால் வைத்து, கீரை முதலில் வாடுமா, பிரதமர் முதலில் போவாரா என்று நேரலை விட்டது. அக்டோபர் 20 அன்று டிரஸ் விலகலை அறிவித்தார், கீரை ஜெயித்தது. பின்னால் வந்த சுனக் நிலைமையைக் கொஞ்சம் நிதானப்படுத்தினாலும், வீட்டுக் கடன் தவணை ஏறியவர்கள் 2024 ஜூலை வரை காத்திருந்து கட்சியை 121 இடங்களுக்கு இறக்கினார்கள்.

(இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தச் செப்டம்பர் கடைசி வாரத்தில் பவுண்டில் கல்லூரிக் கட்டணம் கட்டிய சென்னைப் பெற்றோருக்கு டிரஸ் மேல் ஒரு வருத்தமும் இல்லை.)

ஆஸ்திரேலியாவில் நடந்தது மூன்றாவது வகை. 2007இல் பெரிய வெற்றி பெற்ற கெவின் ரட்டை 2010 ஜூனில் அவர் கட்சி எம்.பி.க்களே ஓர் இரவில் கவிழ்த்து ஜூலியா கில்லார்டைக் கொண்டுவந்தார்கள். எதற்காக என்று மக்களுக்கு உருப்படியாகச் சொல்லவே இல்லை. ஆகஸ்ட் தேர்தலில் 72க்கு 72 என்று இழுபறி. சுயேச்சைகள் தயவில் ஆட்சி ஓடியது. 2013இல் மறுபடி ரட், மறுபடி தோல்வி. அடுத்து வந்த எதிர்த்தரப்பும் பாடம் படிக்கவில்லை. 2015இல் பிரதமர் அபட்டை டர்ன்புல் கவிழ்த்தார், 2018இல் டர்ன்புல்லை எடுத்துவிட்டு மாரிசன். மக்கள் வெறுத்துப் போனதைப் பார்த்த பிறகுதான் இரண்டு கட்சிகளும் பிரதமரை எளிதில் மாற்ற முடியாதபடி சொந்த விதிகளை மாற்றிக்கொண்டன.

2017இல் நம் ஊரில் இவ்வளவு கோபம் இருந்ததே. ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

அது முதலமைச்சர் மாற்றம்தான், பிரதமர் இல்லை. ஆனால் விதி ஒன்று, அதனால் இங்கே சேர்க்கிறேன். சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான்.

சுருக்கமாக நடந்தது: 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைந்தார். நள்ளிரவு தாண்டி ஓ. பன்னீர்செல்வம் பதவியேற்றார். 2017 பிப்ரவரி 5 அன்று அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், பன்னீர்செல்வம் ராஜினாமா. 7ஆம் தேதி இரவு அவர் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்துவிட்டு, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா செய்யவைத்தார்கள் என்றார். எம்.எல்.ஏ.க்கள் பலர் கூவத்தூர் விடுதிக்குப் போனார்கள். 14ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சசிகலாவுக்கு எதிராக வந்தது. 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார். 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11.

இதே மெரினாவில் ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் இளைஞர்கள் உட்கார்ந்து அவசரச் சட்டமே வாங்கியிருந்தார்கள். அதனால் பிப்ரவரியிலும் ஏதாவது நடக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். எம்.எல்.ஏ.க்களின் போன் நம்பர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின, தொகுதி மக்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். ஆனால் ஜனவரியில் மக்கள் கேட்டதைக் கொடுப்பதில் எந்தக் கட்சிக்கும் நஷ்டம் இல்லை. பிப்ரவரியில் கேட்டது 122 பேருடைய மிச்சமிருந்த நான்கு வருடப் பதவி. ஆட்சி கவிழ்ந்தால் உடனே தேர்தல், ஜெயிப்போமா என்பது சந்தேகம். பயம் அங்கேயும் வேலை செய்தது, எதிர்த்திசையில்.

இன்னொரு காரணம் கட்சித் தாவல் தடைச் சட்டம். பிரிட்டனில் எம்.பி. தன் பிரதமருக்கு எதிராக அவையில் ஓட்டுப் போட்டால் கட்சி வேண்டுமானால் நடவடிக்கை எடுக்கும், பதவி போகாது. இங்கே 1985 முதல் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த வழியும் 2003 திருத்தத்தில் அடைபட்டது. 2017 ஆகஸ்டில் முதல்வர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த எம்.எல்.ஏ.க்களில் 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்தார். அடுத்த வருடம் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவைக்குள் மட்டும் இல்லை, வெளியே மனு கொடுத்ததற்கே இந்தக் கதி. கட்சி மாறுவதைத் தடுக்கப் போட்ட பூட்டு, தலைவரைக் கேள்வி கேட்பவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது என்பது என் எண்ணம். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. பூட்டு இல்லாவிட்டால் எம்.எல்.ஏ. விலை என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

மக்கள் கோபம் வீணாகிவிட்டதா என்றால், இல்லை. ஆர்.கே. நகரில் ஆளும் கட்சி 40,707 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். ஆனால் அதே நேரம் நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தலில் 9 இடங்களை அ.தி.மு.க. பிடித்தது, ஆட்சி பிழைத்து 2021 வரை ஓடியது. கோபம் இருந்தும் நாலு வருடம் ஓட்டிவிட்டார்களே என்று சிலர் சொல்கிறார்கள். நாலு வருடம் ஓட்டியதாலேயே கோபம் தணிந்து 2021இல் மானமான தோல்வியாக முடிந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

மத்தியில் ஆளும் கட்சி நடுவில் பிரதமரை மாற்றிய கதை உண்டா? சென்னைக்கு அதில் பங்கு?

பங்கா! இரண்டு தடவை முடிவே நம் ஆள் கையில் இருந்தது. காமராஜர் 1963 அக்டோபரில் தானாக முதல்வர் பதவியை விட்டுவிட்டு, பக்தவத்சலத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார். அடுத்த வருடம் காங்கிரஸ் தலைவர். 1964 மே 27 அன்று நேரு இறந்ததும், எம்.பி.க்களையும் முதல்வர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு, போட்டியே இல்லாமல் லால் பகதூர் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இந்த முறை மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்கவில்லை. காங்கிரஸ் எம்.பி.க்கள் ஓட்டுப்போட்டு இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169.

டெல்லியில் இரண்டு பிரதமர்களை உட்காரவைத்த காமராஜரை 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகர் தோற்கடித்தது. எதிரே நின்றவர் ஒரு மாணவர் தலைவர். அரிசித் தட்டுப்பாடும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் மக்கள் மனதில் இருந்தன. டெல்லியில் யார் உட்கார்ந்தாலும் அவை மாறவில்லை. மேலே சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது: ஆள் மாறினார்கள், கோபத்தின் காரணம் அப்படியே இருந்தது.

1997 வேறு மாதிரி. காங்கிரஸ் ஆதரவை விலக்கியதில் ஏப்ரல் 11 அன்று தேவ கௌடா ஆட்சி கவிழ்ந்தது. ஐக்கிய முன்னணி புது ஆளைத் தேடியபோது மூப்பனார் பெயரும் பலமாக அடிபட்டது. "தமிழர் பிரதமர்" என்று சத்தியமூர்த்தி பவனில் இருந்து டீக்கடை வரை பேச்சு. கடைசியில் 21ஆம் தேதி பதவியேற்றது ஐ.கே. குஜ்ரால். அந்த ஏமாற்றத்தை இன்றும் சொல்லிக் காட்டும் பெரியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.

தலைவர் இறந்து மாற்றம் வந்தால் மக்கள் கேள்வி கேட்பதில்லையே?

அனுதாபம் கேள்வியை அடக்கிவிடும், ஆனால் வாரிசு ஒருவராக இருந்தால் மட்டும். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா கொல்லப்பட்டார், அன்றைக்கே ராஜீவ் பதவியேற்றார், டிசம்பரில் 404 இடங்கள். அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தார், கலைஞர் ஒரு வாரத்தில் முதல்வர், 1971இல் 184 இடங்கள். எம்.ஜி.ஆர். மறைந்தபோது கட்சி ஜெ அணி, ஜா அணி என்று உடைந்தது. ஜானகி அம்மாள் ஆட்சி 1988 ஜனவரியில் மூன்று வாரம்தான். 1989 தேர்தலில் சேவல் ஒரு பக்கம், இரட்டைப் புறா ஒரு பக்கம். இரட்டை இலைக்கே ஓட்டுப்போட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சின்னமே சீட்டில் இல்லை. இரண்டு அணிகளும் தோற்றன.

'நம்ம ஆள்' வந்தால் சென்னை ஏன் துள்ளுகிறது?

2022இல் சுனக் கட்சித் தலைவரானது தீபாவளி அன்று, பட்டாசுச் சத்தத்தோடு செய்தி வந்தது. அவருடைய வேர் பஞ்சாப், பெற்றோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து போனவர்கள், மனைவி பெங்களூர். சென்னைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இருந்தும் துள்ளினோம். 2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகி கமலா ஹாரிஸ் வந்தபோதாவது மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம், பெசன்ட் நகர் தாத்தா என்று ஒரு நூல் இருந்தது. 2025இல் ட்ரூடோ விலகியதும் அனிதா ஆனந்த் பெயர் அடிபட்டது. அவருடைய அப்பா தமிழ்நாட்டுக்காரர். சில நாளில் அவரே போட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டார், பிறகு கார்னி அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சரானார். அதே அமைச்சரவையில் யாழ்ப்பாணத்தில் பிறந்த கேரி ஆனந்தசங்கரியும் இருக்கிறார். டொரன்டோ தமிழர்கள் அவருக்குத் துள்ளினால் அர்த்தம் இருக்கிறது, அவர்கள் ஓட்டுப் போட்டவர்கள்.

பிள்ளை அங்கே படிக்கிறான். பிரதமர் மாறினால் விசா மாறுமா?

ஆள் மாறினதற்காக மறுநாளே மாறாது. மாறும்போது பெரும்பாலும் நம் கொண்டாட்டத்துக்கு எதிராகத்தான் மாறியிருக்கிறது. முதுநிலை படிக்க வருபவர்கள், ஆராய்ச்சிப் படிப்பு தவிர, குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்ற பிரிட்டன் கட்டுப்பாடு 2023 மே மாதம் சுனக் ஆட்சியில்தான் அறிவிக்கப்பட்டது, 2024 ஜனவரியில் அமலானது. அடுத்து வந்த லேபர் கட்சியும் அதை எடுக்கவில்லை. கனடாவில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது 2024 ஜனவரியில் ட்ரூடோ அரசு. கார்னி வந்தும் தளரவில்லை. வீட்டு வாடகைக்கு உள்ளூர்க்காரர்கள் கத்தும் வரை எந்தக் கட்சியும் தளர்த்தாது. யார் பிரதமர் என்பதைவிட, நம் பிள்ளை போகிற ஊரில் வாடகை என்ன, வேலை எப்படி என்று பார்ப்பதே உபயோகம்.

புதுத் தலைவர் வந்த மாதமே கருத்துக்கணிப்பில் ஏறுகிறதே, அதை நம்பலாமா?

வேண்டாம். ஜப்பானில் யோஷிஹிடே சுகா 2020 செப்டம்பரில் வந்தபோது அறுபது சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஒரு வருடத்தில் அடுத்த போட்டிக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

பிரதமரை மாற்றினால் ஆறு மாதத்தில் தேர்தல் என்று சட்டம் போட்டால் என்ன?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருந்தால் எந்த எம்.பி.யும் தன் தலைவரைத் தொடமாட்டார். 122 பேர் ஏன் நகரவில்லை என்று பார்த்தோமே, அதே கதை டெல்லியிலும் நிரந்தரமாகிவிடும். மோசமான பிரதமரைத் தேர்தல் இல்லாமலே இறக்கும் வழி திறந்திருப்பது மக்களுக்கும் நல்லதுதான்.

எனக்குப் பிடித்தது கார்னி செய்தது: சட்டம் கட்டாயப்படுத்தாமலே பதவியேற்ற ஒன்பதாம் நாள் தேர்தலை அறிவித்தார். ஜெயிக்கும் வாய்ப்பு தெரிந்ததால்தான் அறிவித்தார் என்பீர்கள். ஆமாம், அதனால்தான். இருந்தாலும் ஓட்டுச்சீட்டு மக்கள் கைக்கு வந்ததே. 2024இல் ஜப்பானின் ஷிகெரு இஷிபாவும் வந்த வேகத்தில் தேர்தல் வைத்தார். பணக்கணக்கில் சிக்கிய கட்சிக்காரர்கள்மேல் மக்களுக்கு இருந்த கோபம் ஆறவில்லை. அக்டோபர் 27 அன்று கூட்டணி பெரும்பான்மையை இழந்தது.

ஜப்பானில் மட்டும் ஏன் இப்படிச் சட்டை மாற்றுவது போல மாற்றுகிறார்கள்?

அங்கே ஒரே கட்சிதான் பெரும்பாலும் ஆட்சியில் இருக்கிறது. அதனால் ஆட்சி மாற்றம் வேண்டிய இடத்தில் ஆள் மாற்றம் நடக்கிறது. கட்சித் தலைவர் பதவிக் காலமே மூன்று வருடம்தான். 2020இல் அபே போனதிலிருந்து சுகா, கிஷிதா, இஷிபா, 2025 அக்டோபர் 21 முதல் சனே தகாய்ச்சி. அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர் இவர், முந்தைய வருடப் போட்டியில் இஷிபாவிடம் 215க்கு 194 என்று தோற்றவர்.